சூரியன் சுற்றிவரும் பாதையும் பூமியின் பாறைகளும்

சென்னை விமான நிலையத்தை ஒட்டி நிற்கும் பல்லாவரம் குன்றும் பரங்கிமலையும் சார்னோக்கைட் என்னும் பாறையால் ஆனவை. புதிதாக உடைத்த முகத்தில் எண்ணெய்ப் பளபளப்போடு கரும்பச்சையாகத் தெரியும் இந்தப் பாறையில், நீலச் சாயல் கொண்ட குவார்ட்ஸ் மணிகளை வெறுங்கண்ணாலேயே பார்த்துவிடலாம். இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் பணியாற்றிய தாமஸ் ஹாலந்து, கொல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற ஆங்கிலேய வணிகரின் கல்லறை மீது பதிக்கப்பட்ட கல்லும் இதே வகையைச் சேர்ந்தது என்று கண்டு, 1893இல் சார்னாக்கின் பெயரையே பாறைக்கு இட்டார். தரைக்கு அடியில் இருபது, முப்பது கிலோமீட்டர் ஆழத்தில், ஏறக்குறைய 800 டிகிரி வெப்பத்தில் உருவான இப்பாறைக்கு வயது சுமார் 250 கோடி ஆண்டுகள். பால்வீதியின் மையத்தைச் சூரியன் ஒருமுறை சுற்றிவர 22 முதல் 25 கோடி ஆண்டுகள் ஆகின்றன. அப்படியானால் பல்லாவரத்துப் பாறை உருவான பிறகு சூரியன், பூமியையும் இழுத்துக்கொண்டு, பால்வீதியைப் பத்து முறைக்கு மேல் வலம் வந்திருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் கிடைக்கும் இலைப் புதைபடிவங்களுக்குரிய செடிகள் பச்சையாக இருந்தது ஏறக்குறைய அரைச் சுற்றுக்கு முன்பு.

இத்தனை நீண்ட வழியில் சூரியன் எதிர்கொண்டவை பூமியின் வரலாற்றில் ஏதாவது தடயத்தை விட்டிருக்கின்றனவா? பனியுகங்கள், உயிரினங்களின் கூட்டழிவுகள், விண்கல் மோதல்கள், எரிமலைப் பெருக்குகள் ஆகியவற்றுக்கெல்லாம் பால்வீதியில் காரணம் தேடும் முயற்சி நூறாண்டுகளாக நடந்து வருகிறது. இந்தக் கேள்வி கற்பனையின்பாற்பட்டது என்று ஒதுக்கிவிடக் கூடியது அன்று. இதற்கு இயற்பியல் அடிப்படை உண்டு. ஆனால் இதுவரை முன்வைக்கப்பட்ட விடைகளில் பெரும்பாலானவை இரண்டு கால அட்டவணைகளை அருகருகே வைத்துப் பொருத்திப் பார்த்துப் பெற்றவை. அந்த இரண்டு அட்டவணைகளும் எவ்வளவு தளர்வானவை என்று தெரிந்துகொள்ளாமல் இந்த விடைகளை எடைபோட முடியாது.

முதலில் பாதையைப் பார்ப்போம். சூரியன் பால்வீதியின் மையத்திலிருந்து சுமார் 26,000 ஒளியாண்டு தொலைவில், நொடிக்கு 220 முதல் 240 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. அது செல்வது ஒழுங்கான வட்டத்தில் அன்று. தீவுத்திடல் பொருட்காட்சியின் குடைராட்டினத்தில் குதிரை பொம்மை சுற்றிக்கொண்டே மேலும் கீழும் ஏறி இறங்குவதுபோல, சூரியனும் சுற்றிக்கொண்டே பால்வீதியின் தட்டுக்கு மேலேயும் கீழேயும் சென்று வருகிறது. தட்டிலுள்ள விண்மீன்களும் வாயுவும் தம் ஈர்ப்பால் அதைத் திரும்பத் திரும்ப நடுத்தளத்தை நோக்கி இழுப்பதே இதற்குக் காரணம். இன்று நாம் நடுத்தளத்துக்கு அறுபது ஒளியாண்டு அளவுக்கு மேலே, வடபுறமாக இருக்கிறோம். நொடிக்கு ஏழு கிலோமீட்டர் வேகத்தில் இன்னும் மேலே போய்க்கொண்டிருக்கிறோம். நடுத்தளத்தைக் கடைசியாகக் கடந்தது ஏறக்குறைய 20, 30 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு. இந்த ஏற்ற இறக்கம் போதாதென்று, பால்வீதியின் சுருள் கரங்கள் வேறு இருக்கின்றன. அவை சூரியனோடு ஒரே வேகத்தில் சுழல்வதில்லை என்று கொண்டால், பல கோடி ஆண்டுகளுக்கு ஒருமுறை நாம் ஏதேனும் ஒரு கரத்துக்குள் புகுந்து வெளியேற வேண்டும்.

தட்டின் நடுத்தளத்தையோ சுருள் கரத்தையோ கடப்பதால் பூமிக்கு என்ன ஆகும் என்பதற்கு மூன்று வழிகள் சொல்லப்படுகின்றன. சூரியனைச் சுற்றி வெகு தொலைவில், ஒளியாண்டு அளவுக்குப் பரந்து கிடப்பதாக யான் ஊர்ட் 1950இல் கணித்த வால்வெள்ளிக் கூட்டத்தைப் பால்வீதியின் ஈர்ப்பு கலைத்து, சில வால்வெள்ளிகளைப் பூமியின் பக்கம் தள்ளிவிடலாம் என்பது ஒன்று. சுருள் கரங்களில் பெரிய விண்மீன்கள் பிறந்து, சில பத்து லட்சம் ஆண்டுகளிலேயே சூப்பர்நோவாவாக வெடிப்பதால், விண்வெளியில் பாயும் அதிவேகத் துகள்களான காஸ்மிக் கதிர்கள் பெருகி, வளிமண்டலத்தை மாற்றலாம் என்பது இன்னொன்று. அடர்ந்த வாயு மேகத்துக்குள் சூரியன் நேராகவே புகுந்துவிட்டால், சூரியனிலிருந்து வீசும் துகள் ஓட்டமான சூரியக் காற்று கட்டிக் காக்கும் குமிழ் சுருங்கி, அந்த மேகத்தின் வாயுவும் தூசும் பூமியின் மீதே படியலாம் என்பது மூன்றாவது. பழைமையானது இந்த மூன்றாவது எண்ணந்தான். ஹார்லோ ஷாப்லி 1921லேயே பனியுகங்களை விண்முகில்களோடு இணைத்துப் பேசினார். 1939இல் பிரெட் ஹாயிலும் ரேமண்ட் லிட்டில்டனும் அதை விரித்து எழுதினார்கள்.

ஆனால் இந்தத் துறைக்குச் சூடு பிறந்தது 1984இல். அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்புதான் லூயிஸ் அல்வாரெஸ், வால்டர் அல்வாரெஸ் என்ற தந்தையும் மகனும் தம் குழுவினரோடு, டைனோசர்கள் அழிந்த எல்லையிலுள்ள களிமண்ணில், பூமியின் மேலோட்டில் அரிதான, விண்கற்களில் மிகுந்த இரிடியம் என்ற உலோகம் நிறைந்திருப்பதைக் காட்டி, விண்கல் மோதலே காரணம் என்று வாதிட்டிருந்தார்கள். கடல்வாழ் உயிரினக் குடும்பங்கள் எப்போது தோன்றி எப்போது மறைந்தன என்ற பெரும் பட்டியலை வைத்து, கடந்த 25 கோடி ஆண்டுகளில் கூட்டழிவுகள் 2.6 கோடி ஆண்டுகளுக்கு ஒருமுறை நிகழ்ந்திருப்பதாக டேவிட் ராப், ஜாக் செப்கோஸ்கி இருவரும் 1984இல் அறிவித்தார்கள். பூமிக்குள் இத்தனை நீண்ட, இத்தனை ஒழுங்கான கடிகாரம் எதுவும் அன்று அறியப்படவில்லை. எனவே எல்லாக் கண்களும் வானத்தை நோக்கித் திரும்பின. மைக்கேல் ராம்பினோவும் ரிச்சர்ட் ஸ்டாதர்ஸும், சூரியன் நடுத்தளத்தைக் கடக்கும்போதெல்லாம் வாயு மேகங்கள் வால்வெள்ளிக் கூட்டத்தைக் கலைக்கின்றன என்றார்கள். வேறு சிலர், சூரியனுக்குக் கண்ணுக்குத் தெரியாத துணை விண்மீன் ஒன்று உண்டு என்று கூறி, அதற்கு நெமிசிஸ் என்று பெயரும் வைத்தார்கள். 2009இன் இறுதியில் ஏவப்பட்ட வைஸ் தொலைநோக்கி அகச்சிவப்பில் வானம் முழுவதையும் துழாவியும் அப்படியொரு விண்மீன் அகப்படவில்லை. எஞ்சியது, சூரியனின் ஏற்ற இறக்கம்.

அந்த ஏற்ற இறக்கத்துக்கு எவ்வளவு காலம் பிடிக்கும் என்பதை நாம் விரும்பியபடி வைத்துக்கொள்ள முடியாது. சூரியனின் அக்கம்பக்கத்தில் எவ்வளவு பொருள் இருக்கிறதோ, அதுதான் தீர்மானிக்கும். பொருள் மிகுந்திருந்தால் இழுப்பு வலுத்து, ஊசல் விரைவாக முடியும். காலம் அடர்த்தியின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்தில் அமையும். 1984இல் ஜான் பகால், கண்ணுக்குத் தெரியாத பொருளும் தட்டில் நிறைய இருப்பதாகக் கருதி, ஒரு கன பார்செக்கில் (ஒரு பார்செக் என்பது 3.26 ஒளியாண்டு) சூரிய நிறையில் 0.185 பங்கு என்று மதிப்பிட்டார். அந்தக் கணக்கின்படி, நடுத்தளத்தை ஒருமுறை கடப்பதற்கும் மறுமுறை கடப்பதற்கும் இடையே மூன்று கோடி ஆண்டுகளுக்குச் சற்று மேல் வரும். 2.6 கோடிக்கு அது ஓரளவு நெருக்கம் என்பதால்தான் அன்று அந்தக் கருதுகோள் எடுபட்டது. பின்னர் ஹிப்பார்க்கஸ் விண்கலம் லட்சத்துக்கும் மேற்பட்ட விண்மீன்களின் இடத்தையும் நகர்வையும் துல்லியமாக அளந்து கொடுத்தபோது, அடர்த்தி 0.1 அளவுக்கு இறங்கியது. 0.1 என்று வைத்துக் கணக்கிட்டால் இடைவெளி ஏறக்குறைய 4.2 கோடி ஆண்டுகள். 2.6 கோடி ஆண்டு வேண்டுமென்றால் அடர்த்தி இரண்டரை மடங்குக்கு மேல் இருந்தாக வேண்டும். அவ்வளவு பொருள் அங்கே இல்லை.

அந்தப் பொருளைக் கொண்டுவரும் முயற்சியும் நடந்தது. லிசா ராண்டாலும் மேத்யூ ரீஸும் 2014இல், ஈர்ப்பால் மட்டுமே தன்னைக் காட்டிக்கொள்ளும் கரும்பொருளின் ஒரு பகுதி பால்வீதியின் நடுத்தளத்தில் மெல்லிய தட்டாகப் படிந்திருக்கலாம் என்றும், அதைக் கடக்கும்போதெல்லாம் வால்வெள்ளிகள் கலைகின்றன என்றும், அப்போது 3.5 கோடி ஆண்டு இடைவெளி வரும் என்றும் எழுதினார்கள். சோதித்துப் பார்க்கக்கூடிய ஒன்றைச் சொன்னார்கள் என்பதற்காகவே அந்தக் கட்டுரையை மதிக்க வேண்டும். சோதனையும் வந்தது: கையா விண்கலத்தின் தரவுகளைக் கொண்டு சூரியனின் அண்டையிலுள்ள விண்மீன்களின் நகர்வை 2018இல் ஆராய்ந்தவர்கள், அவ்வளவு கனத்த தட்டுக்கு இடமில்லை என்று காட்டினார்கள்.

இடைவெளியை விட்டுவிட்டு, காலக் கட்டத்தை மட்டும் பார்த்தாலும் சிக்கல் தீரவில்லை. சென்னையிலிருந்து திருச்சிக்கு கார்டு லைனில் போகும் ரயில்கள் அரியலூர் வழியாகச் செல்கின்றன. அந்த வட்டாரத்தின் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களிலும் ஓடைக் கரைகளிலும் கிரெட்டேசியஸ் காலக் கடலின் அடித்தளம் வெளியே தெரிகிறது. சுருண்ட அம்மோனைட் ஓடுகள் அங்கே கிடைப்பது உலகறிந்த செய்தி. கல்லமேடு மணற்கல் வரையில் டைனோசர்களின் காலம். அதற்கு மேலே வரும் நின்னியூர்ப் பாறை அவை அழிந்த பிறகு படிந்தது. இரண்டுக்கும் இடைப்பட்ட அந்த எல்லைக்கு வயது 6.6 கோடி ஆண்டுகள். சூரியன் நடுத்தளத்தைக் கடந்தது இப்போதைக்கு 20, 30 லட்சம் ஆண்டு முன்பு என்றால், அதற்கு முந்தைய கடப்பு ஏறக்குறைய 4.5 கோடி ஆண்டுக்கு முன்பு. அதற்கும் முந்தையது 8.7 கோடிக்கு முன்பு. இரண்டுக்கும் நட்டநடுவே விழுகிறது 6.6 கோடி. அதாவது, இக்கருதுகோளுக்கு அடித்தளமாக விளங்கும் ஒரே உறுதியான மோதல், சூரியன் நடுத்தளத்திலிருந்து மிகத் தொலைவில் இருந்த காலத்தில்தான் நடந்திருக்கிறது. கணக்கில் சில பத்து லட்சம் ஆண்டு முன்பின்னாக இருக்கலாம் என்றாலும், முரண்பாட்டைத் தீர்த்துவிடும் அளவுக்கு அது நகராது. பேட்ரிக் தாடியஸும் கேரி சானனும் 1985லேயே இன்னொரு குறையைச் சுட்டிக்காட்டியிருந்தார்கள். சூரியன் நடுத்தளத்திலிருந்து ஏறி இறங்கும் உயரமே சில நூறு ஒளியாண்டுகள்தான்; வாயு மேகங்கள் பரவியிருக்கும் தடிமனும் ஏறக்குறைய அதே அளவுதான். எனவே மேலே இருந்தாலும் நடுவே இருந்தாலும் மேகத்தைச் சந்திக்கும் வாய்ப்பு பெரிதாக மாறாது என்பது அவர்கள் வாதம். அதற்குத் திருப்தியான மறுமொழி வந்ததாகத் தெரியவில்லை.

இனி, மறுபக்கத்து அட்டவணையான பாறைகளின் வயது. இன்று பூமியில் உறுதிசெய்யப்பட்ட மோதல் பள்ளங்கள் 200 அளவில் இருக்கின்றன. அவற்றில் வயது நன்றாகத் தெரிந்தவை ஒரு சிறு பகுதியே. நம் நாட்டிலேயே, மகாராஷ்டிரத்தின் லோனார் ஏரியை எடுத்துக்கொள்ளலாம். 1.8 கிலோமீட்டர் அகலமுள்ள, எல்லோரும் போய்ப் பார்க்கக்கூடிய, எரிமலைப் பாறையில் விழுந்த அழகான பள்ளம். வெப்ப ஒளிர்வு முறையில் அதற்கு வயது 52,000 ஆண்டு என்று சொல்லப்பட்டு வந்தது. 2011இல் ஆர்கான் முறையில் அளந்தபோது 5,70,000 ஆண்டு என்று வந்தது. இளமையான, சிதையாத ஒரு பள்ளத்துக்கே பத்து மடங்கு வேறுபாடு. கோடிக்கணக்கான ஆண்டு பழைய பள்ளங்களில், வயதுப் பிழை சில சமயம் தேடப்படும் இடைவெளியின் அளவுக்கே வந்துவிடும். அத்தகைய பட்டியலில் ஒழுங்கைத் தேடினால் ஏதாவதொரு ஒழுங்கு தென்படத்தான் செய்யும். ஜெர்மனியின் கோரின் பெய்லர்-ஜோன்ஸ் 2011இல் பள்ளங்களின் வயதுகளைக் கடுமையான நிகழ்தகவு முறையில் சோதித்து, காலச்சுழற்சிக்குச் சான்றில்லை என்று முடித்தார். 2017இல் வேறொரு குழு, திருத்திய வயதுகளைக் கொண்டு அதே முடிவுக்கு வந்தது.

எதிர்த்தரப்பையும் சொல்லியாக வேண்டும். ஏட்ரியன் மெலட், ரிச்சர்ட் பாம்பாக் இருவரும் 2010இல், புதிய காலக்கணக்கின்படியும் 50 கோடி ஆண்டு நெடுகிலும் 2.7 கோடி ஆண்டு ஒழுங்கு தெரிவதாக எழுதினார்கள். ராம்பினோவும் அவரோடு சேர்ந்தவர்களும் 2021இல், கூட்டழிவு, எரிமலைப் பெருக்கு, கடல்மட்ட மாற்றம் என 26 கோடி ஆண்டில் நிகழ்ந்த 89 நிகழ்வுகளைத் தொகுத்து, அவை 2.75 கோடி ஆண்டுக்கு ஒருமுறை கொத்துக் கொத்தாக வருவதாகக் காட்டினார்கள். கடல் உயிரின வகைகளின் எண்ணிக்கையில் 6.2 கோடி ஆண்டு ஒழுங்கு ஒன்றை 2005இல் ராபர்ட் ரோடியும் ரிச்சர்ட் முல்லரும் கண்டார்கள். சூரியன் வடபுறம் உச்சிக்குச் செல்லும்போது காஸ்மிக் கதிர்கள் மிகுவதால் அது வருகிறது என்ற விளக்கமும் பின்னர் வந்தது. இவர்கள் அனைவரும் தேர்ந்த ஆய்வாளர்கள். அவர்கள் கண்ட ஒழுங்குகளில் ஏதேனும் ஒன்று உண்மையாகவே இருக்கலாம். ஆனால் ஒழுங்கு இருக்கிறது என்பதும், அது பால்வீதியிலிருந்து வருகிறது என்பதும் இரு வேறு கூற்றுகள். பெர்மியன் காலத்தின் முடிவில் நிகழ்ந்த மிகப் பெரிய கூட்டழிவுக்கு சைபீரியாவின் எரிமலைப் பெருக்கும், டிரையாசிக் முடிவின் அழிவுக்கு அட்லாண்டிக் பிளந்தபோது எழுந்த எரிமலைப் பெருக்கும் காலத்தால் கச்சிதமாகப் பொருந்துகின்றன. இவற்றின் வேர் பூமியின் உட்பகுதியில் இருக்கிறது. பூமியின் உட்பகுதிக்கே இப்படியொரு மெதுவான துடிப்பு இருக்க வாய்ப்புண்டு என்று ராம்பினோவின் கட்டுரையே ஒப்புக்கொள்கிறது. ஏற்ற இறக்கத்துக்கு 2.6 முதல் 4.5 கோடி வரை, கரங்களுக்கு 14 கோடியோ 18 கோடியோ, முழுச் சுற்றுக்கு 22 முதல் 25 கோடி வரை என்று பல எண்கள் வானியலில் கையிருப்பில் இருக்கும்போது, பாறையில் எந்த எண் தென்பட்டாலும் பொருந்துவதற்கு ஒன்று கிடைத்துவிடும் என்பதே என் கவலை.

சுருள் கரங்களின் கதை இன்னும் சிக்கலானது. அதே சமயம் இன்னும் கவர்ச்சியானது. இஸ்ரேலைச் சேர்ந்த நீர் ஷவீவ் 2002இல், இரும்பு விண்கற்கள் விண்வெளியில் காஸ்மிக் கதிர்களுக்கு ஆட்பட்டிருந்த காலத்தைக் கணக்கிட்டு, அக்கதிர்கள் ஏறக்குறைய 14 கோடி ஆண்டுக்கு ஒருமுறை கூடிக் குறைவதாகச் சொன்னார். அதைச் சுருள் கரங்களைக் கடப்பதோடும், பூமியின் நீண்ட பனிக் காலங்களோடும் இணைத்தார். கதிர்கள் மிகுந்தால் மேகத் துளிகள் திரள உதவும் நுண்துகள்களான மேக விதைகள் மிகும், மேகம் மிகுந்தால் பூமி குளிரும் என்பது தொடர்பின் இடைக்கண்ணி. அடுத்த ஆண்டு நிலவியலாளர் யான் வெய்சரும் அவரோடு சேர்ந்தார். 2004இல் ஸ்டீபன் ராம்ஸ்டோர்ஃபும் மற்றவர்களும் கடுமையான மறுப்பு எழுதினார்கள்.

இந்த வழக்கில் எனக்கு மறுப்புத் தரப்பே வலுவாகப் படுகிறது. பால்வீதிக்கு எத்தனை பெரிய கரங்கள், அவை என்ன வேகத்தில் சுழல்கின்றன, நிலையானவையா அல்லது தோன்றி மறைபவையா என்பவற்றில் இன்றும் ஒருமித்த கருத்தில்லை. கரங்களின் வேகம் சூரியனின் வேகத்துக்கு மிக நெருங்கியது என்று சில அளவீடுகள் சொல்கின்றன. அது உண்மையானால் சூரியன் கரத்தைக் கடப்பதே அரிய நிகழ்ச்சியாகிவிடும். இடைக்கண்ணியையும் சோதித்தாயிற்று. ஏறக்குறைய 41,000 ஆண்டுகளுக்கு முன்பு பூமியின் காந்தப்புலம் மிகவும் நலிந்து, காஸ்மிக் கதிர்கள் தாராளமாக உள்ளே வந்தன. அக்கதிர்கள் உண்டாக்கும் பெரிலியம்-10 அந்தக் காலத்துக் கிரீன்லாந்துப் பனியில் ஏறியிருப்பது தெளிவாகத் தெரிகிறது. அதற்கு ஈடான வெப்பநிலைச் சரிவு அதே பனியில் தெரியவில்லை. கதிர்கள் மேக விதைகளை எவ்வளவு உண்டாக்குகின்றன என்று பார்க்கும், செர்ன் ஆய்வகத்தின் கிளவுட் சோதனையும், இன்றைய வளிமண்டலத்தில் இந்த விளைவு சிறியது என்றே காட்டியிருக்கிறது.

பனிக் காலங்களுக்குப் பூமியிலேயே போதுமான காரணங்களும் இருக்கின்றன. ஒடிசாவின் தால்சீர் அருகே, பனியாறு மட்டுமே இழுத்து வந்து போட்டிருக்கக்கூடிய பாறாங்கற்கள் களிமண்ணில் புதைந்து கிடப்பதை பிளான்ஃபோர்ட் சகோதரர்கள் 1856இல் கண்டுபிடித்தார்கள். ஏறக்குறைய 30 கோடி ஆண்டுகளுக்கு முன்பு இந்தியா, ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா எல்லாம் கோண்டுவானா என்ற ஒரே நிலமாகத் தென் துருவத்தை ஒட்டிக் கிடந்தன. நிலக்கரிக் காடுகள் வளிமண்டலத்தின் கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சிப் புதைத்துக்கொண்டிருந்தன. துருவத்தில் நிலமும், காற்றில் குறைந்த கார்பனும் சேர்ந்தால் பனி படியும் என்பதற்குப் பால்வீதியின் துணை தேவையில்லை.

இன்னும் பழைய காலத்துக்குப் போன ஒரு முயற்சியையும் சொல்ல வேண்டும். ஆஸ்திரேலியாவின் கிறிஸ் கர்க்லேண்டும் மற்றவர்களும் 2022இல், மேற்கு ஆஸ்திரேலியாவின் பில்பராவிலும் கிரீன்லாந்திலும் எடுத்த ஜிர்கான் படிகங்களின் ஐசோடோப்புகளை (ஒரே தனிமத்தின் வெவ்வேறு நிறையுள்ள அணு வகைகளை) ஆராய்ந்து, 300 கோடி ஆண்டுக்கு முந்தைய கண்ட மேலோடு ஏறக்குறைய 20 கோடி ஆண்டுக்கு ஒருமுறை அதிகமாக உருவானதாகவும், சுருள் கரங்களைக் கடக்கும்போது கிளம்பிய வால்வெள்ளிகளின் மோதல் அதற்குத் தூண்டுதலாக இருந்திருக்கலாம் என்றும் எழுதினார்கள். ஜிர்கானின் வயதை யுரேனியம்-ஈய முறையில் மிக நன்றாக அளக்க முடியும் என்பதால் இங்கே பாறையின் பக்கத்து அட்டவணை ஓரளவு நம்பகமானது. மறுபக்கம்தான் கைவிடுகிறது. சூரியன் அன்று எந்தத் தொலைவில் சுற்றியது என்பதே உறுதியில்லை. அது பால்வீதியின் உட்பகுதியில் பிறந்து, பின்னர் வெளிப்புறமாக நகர்ந்து வந்திருக்கக்கூடும் என்பதற்கு அதன் வேதியியல் கூறுகளே சான்றாகக் காட்டப்படுகின்றன. பத்துச் சுற்றுக்கு முன்பு சூரியன் எந்தக் கரத்தில் இருந்தது என்று பின்னோக்கிக் கணக்கிடுவது அந்த நிலையில் இயலாத காரியம்.

வானத்தின் கடிகாரம் பூமியில் பதிந்ததை ஐயத்துக்கு இடமின்றி நிறுவிய ஒரு வரலாறும் நம்மிடம் இருக்கிறது என்பதால்தான் இவ்வளவு கண்டிப்பு தேவைப்படுகிறது. பூமியின் சுற்றுப்பாதை வடிவமும் அச்சின் சாய்வும் மாறுவதால் பனி கூடிக் குறைகிறது என்று செர்பிய அறிஞர் மிலன்கோவிச் கணித்திருந்தார். தென் இந்தியப் பெருங்கடலின் அடியிலிருந்து எடுத்த சேற்றுத் தண்டுகளில் ஒரு லட்சம் ஆண்டு, 41,000 ஆண்டு, 23,000 ஆண்டு என அதே இடைவெளிகள் இருப்பதை 1976இல் ஹேஸ், இம்ப்ரி, ஷேக்கிள்டன் மூவரும் காட்டியபோது அந்த விவாதம் ஏறக்குறைய முடிவுக்கு வந்தது. அங்கே வானியல் பக்கத்து எண்கள் முன்கூட்டியே துல்லியமாகத் தெரிந்திருந்தன. பாறைக்கு ஏற்ப அவற்றை நகர்த்த இடமில்லை. பால்வீதியின் சுற்றில் அந்த வசதி நமக்கு இன்னும் கிட்டவில்லை.

அப்படியென்றால் பால்வீதி பூமியைத் தொடவே இல்லையா? தொட்டிருக்கிறது, அதற்குக் கையில் பிடிக்கக்கூடிய சான்று இருக்கிறது. அது இரும்பு-60 என்ற ஐசோடோப். இரும்பு-60இன் அரை ஆயுள், அதாவது அதில் பாதி சிதைய ஆகும் காலம், 26 லட்சம் ஆண்டுகள். பூமி பிறந்தபோது அதில் எவ்வளவு இரும்பு-60 இருந்திருந்தாலும் 460 கோடி ஆண்டுகளில் முற்றாகச் சிதைந்து போயிருக்கும். பூமியில் அதை உண்டாக்கப் பெரிதாக எந்த இயற்கை வழியும் இல்லை. பெரிய விண்மீன்களுக்குள்ளே அது உருவாகி, சூப்பர்நோவா வெடிப்பில் வெளியே வீசப்படுகிறது. ஆகவே கடலடிப் படிவில் அது அகப்பட்டால், அண்மைக் காலத்தில் வெளியிலிருந்து வந்தது என்றே பொருள்.

பசிபிக்கின் அடியில், ஏறக்குறைய 4,800 மீட்டர் ஆழத்தில் எடுக்கப்பட்ட ஃபெரோமாங்கனீஸ் மேலோடு ஒன்றில் கிளாஸ் க்னீயும் மியூனிக் குழுவினரும் இதைத் தேடினார்கள். கடல்நீரில் கரைந்த இரும்பும் மாங்கனீசும் பாறை மீது படிந்து படிந்து உண்டாகும் இந்தக் கறுப்பு மேலோடு பத்து லட்சம் ஆண்டுக்கு இரண்டரை மில்லிமீட்டர் அளவில்தான் வளரும். ஆகவே இரண்டு மில்லிமீட்டர் சுரண்டி எடுத்தால் அது எட்டு லட்சம் ஆண்டு வரலாறு. ஒவ்வொரு அடுக்கையும் கரைத்து, இரும்பைப் பிரித்து, பெரிய துகள் முடுக்கியில் செலுத்தி, அணுக்களை ஒவ்வொன்றாக எண்ண வேண்டும். ஆயிரம் லட்சம் கோடி இரும்பு அணுக்களுக்கு ஒன்று என்ற அளவில்தான் இரும்பு-60 இருக்கும். மொத்தத்தில் எண்ணப்பட்டவை பத்துக்கணக்கான அணுக்களே. ஆனாலும் 2004இல் வெளியான அந்த அளவீட்டில் ஓர் அடுக்கில் மட்டும் எண்ணிக்கை தெளிவாக எழுந்து நின்றது. 20 முதல் 30 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு என்ற அந்தக் காலத்தைப் பின்னர் பிற கடல்களின் படிவுகளும், அப்போலோ கொண்டுவந்த நிலா மண்ணும் உறுதிப்படுத்தின. அதற்கு முன்பும், 60 முதல் 80 லட்சம் ஆண்டு வாக்கில், இன்னொரு உயர்வு இருக்கிறது. அண்டார்க்டிகாவில் அண்மையில் பெய்த 500 கிலோ பனியை உருக்கிப் பார்த்தபோது அதிலும் சில இரும்பு-60 அணுக்கள் அகப்பட்டதாக 2019இல் அறிவித்தார்கள். விண்தூசு இன்றும் நம் மீது படிந்துகொண்டிருக்கிறது என்பதற்கு இதைவிட நேரான சான்று வேண்டியதில்லை.

இதன் விளக்கம் பற்றித்தான் இப்போது விவாதம். சில நூறு ஒளியாண்டு தொலைவில் சூப்பர்நோவாக்கள் வெடித்து, அவற்றின் தூசு நம்மை எட்டியது என்பது பரவலான கருத்து. மெராவ் ஓஃபர் குழுவினர் 2024இல், அதே 20, 30 லட்சம் ஆண்டுக்கு முன்பு சூரியன் குளிர்ந்த, அடர்ந்த வாயு மேகம் ஒன்றுக்குள் புகுந்திருக்கலாம் என்றும், சூரியக் காற்றின் குமிழ் பூமியின் சுற்றுப்பாதைக்கு உள்ளேயே சுருங்கி, பூமி மேகத்தில் நேரடியாக நனைந்திருக்கலாம் என்றும் கணக்கிட்டார்கள். 2025இல் எஃப்ரெம் மக்கோனியும் மற்றவர்களும் கையா தரவுகளைக் கொண்டு, ஏறக்குறைய 1.4 கோடி ஆண்டுக்கு முன்பு சூரியன் ஓரியன் பகுதியிலுள்ள ராட்கிளிஃப் அலை என்ற பெரும் வாயுத் தொடரைக் கடந்து வந்ததாகக் காட்டினார்கள். இவை இரண்டும் 1984இன் ஆய்வுகளிலிருந்து தன்மையில் வேறுபட்டவை. இவை காலச்சுழற்சியைத் தேடவில்லை. பெயர் சொல்லிச் சுட்டக்கூடிய ஒரு மேகத்தை, அது இன்று இருக்கும் இடத்திலிருந்து பின்னோக்கி நகர்த்தி, சூரியனோடு சந்திக்க வைக்கின்றன. தவறென்று காட்டவும் வழியுண்டு: அந்தக் காலத்துப் படிவுகளில் விண்தூசு மிகுந்திருக்கவில்லை என்றால் கருத்து விழுந்துவிடும்.

இங்கும் ஒரு சறுக்கல் காத்திருக்கிறது. 26 லட்சம் ஆண்டுக்கு முன்பு வடதுருவப் பனியுகங்கள் தொடங்கியதும், 1.4 கோடி ஆண்டுக்கு முன்பு அண்டார்க்டிகாவின் பனி பெருகியதும் இந்த எண்களுக்கு அருகில் வருகின்றன. இரண்டுக்கும் காற்றில் கார்பன் டை ஆக்சைடு குறைந்ததையும் பெருங்கடல் நீரோட்டங்கள் மாறியதையும் காரணமாகக் காட்டும் விரிவான பணிகள் உண்டு. தூசு வந்தது என்பது நிறுவப்பட்டால்கூட, தூசுதான் குளிரைக் கொண்டுவந்தது என்பதைத் தனியே நிறுவ வேண்டியிருக்கும்.

இரும்பு-60ஐக் கொண்டு ஒரு கோடி ஆண்டுகளைத் தாண்டிப் பின்னே போவது கடினம்; அதற்குள் பெரும்பகுதி சிதைந்துவிடும். அடுத்த கருவி புளூட்டோனியம்-244. விண்மீன்களிலேயே உருவாகும் இதற்கு அரை ஆயுள் எட்டுக் கோடி ஆண்டுகள். பசிபிக் மேலோட்டின் இளம் அடுக்குகளில் இரும்பு-60உடன் சேர்ந்து இதுவும் இருப்பதை ஆன்டன் வால்னர் குழுவினர் 2021இல் கண்டுபிடித்தார்கள். கடலடி மலைகளின் மீது படிந்த மேலோடுகளில் சில ஆறு, ஏழு கோடி ஆண்டு வரை பின்னோக்கிச் செல்லக்கூடியவை. அத்தகைய ஒன்றை அடுக்கடுக்காகச் சுரண்டி இந்த ஐசோடோப்பை எண்ணினால், சூரியன் நடுத்தளத்தைக் கடந்த ஒன்றிரண்டு தடவைகளும் அரியலூர் எல்லைக்குரிய காலமும் ஒரே கல்லில் அகப்படும். காலச்சுழற்சி பற்றிய நாற்பதாண்டு வாதத்தை அந்தக் கல்லிடமே கேட்டுவிடலாம். இந்தியாவுக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் இருக்கும் அஃபனாசி நிகிடின் கடலடி மலை மீது கோபால்ட் செறிந்த இத்தகைய மேலோடுகள் இருக்கின்றன. அவற்றை ஆராயும் உரிமை கோரி இந்தியா 2024 சனவரியில் பன்னாட்டுக் கடற்படுகை ஆணையத்திடம் விண்ணப்பித்தது. ஆழ்கடலுக்கு ஆட்களை அனுப்பும் மத்ஸ்யா-6000 நீர்மூழ்கியை உருவாக்கிவரும் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம், பல்லாவரம் குன்றுக்கு வெகு அருகிலுள்ள பள்ளிக்கரணையில்தான் இருக்கிறது. கோபால்ட்டுக்காக எடுக்கப்படும் மாதிரிகளில் சில செண்டிமீட்டர் தடிமனுள்ள ஒரு துண்டையாவது உருக்காமல், உடைக்காமல், அடுக்கு கலையாமல் இந்த அளவீட்டுக்கென்று ஒதுக்கி வைக்க வேண்டும்.